யார்க்கில் இரண்டு நாள்: பழைய பப், ஏல், சாப்பாடு. எங்கே போகலாம்?

பொன்மலை மருமகன் (ரெடிங்), செவ்வாய் இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் இரண்டாம் வாரம் சனி, ஞாயிறு இங்கிலாந்தின் வடக்கே உள்ள யார்க் போகிறோம். நான், மனைவி, ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார். மாமா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்காகத்தான் யார்க்கைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் உலக வேக சாதனை படைத்த மல்லார்ட் நீராவி என்ஜினைப் பார்க்க வேண்டும் என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு இன்னொரு ஆசையும் உண்டு. நிஜமான பழைய ஆங்கிலேய பப்பில் உட்கார்ந்து, இந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் குடிக்கும் ஏல் என்னும் பியர் ஒரு கிளாஸ் குடித்துப் பார்க்க வேண்டுமாம். மாமா எல்லாம் சாப்பிடுவார், ஆனால் மாட்டிறைச்சி வேண்டாம் என்பார். மனைவி சுத்த சைவம், குடிப்பதும் இல்லை. தேடிப் பார்த்தால் "யார்க்கின் மிகப் பழைய பப்" என்று நாலைந்து பெயர் வருகிறது. எதை நம்புவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை (லீட்ஸ்), செவ்வாய் இரவு 11.40

நண்பரே, நான் லீட்ஸில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். யார்க் இங்கிருந்து அரை மணி நேர ரயில். மாதம் ஒரு முறையாவது போய்விடுவேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"மிகப் பழையது எது" என்ற கேள்வியை முதலில் ஓரமாக வையுங்கள். ஸ்டோன்கேட் தெருவில் யே ஓல்ட் ஸ்டார் இன் இருக்கிறது, 1644-இலேயே உரிமம் பெற்றது. அதன் பெயர்ப்பலகை தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை உத்திரம் போல நீண்டு தலைக்கு மேலே நிற்கும். பேவ்மென்ட் தெருவில் கோல்டன் ஃப்ளீஸ், பீஸ்ஹோம் கிரீனில் 15-ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீட்டில் பிளாக் ஸ்வான். மூன்றும் பார்க்க வேண்டிய கட்டடங்கள்தான். ஆனால் கட்டடத்தின் வயது கிளாஸுக்குள் வராது. ஏல் நன்றாக இருப்பதும் கெட்டுப்போவதும் கீழே நிலவறையைப் பார்த்துக்கொள்கிறவர் கையில்.

ஏன் என்று சொல்கிறேன். நம் ஊர் பாட்டில் பியர் வடிகட்டி, சூடாக்கி, கேஸ் ஏற்றி அடைத்தது. ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் அதே ருசி. இங்கே கையால் இழுக்கும் பம்பிலிருந்து வரும் காஸ்க் ஏல் அப்படியில்லை. பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் அது மெல்ல நொதித்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து கேஸ் அடிப்பதில்லை. நிலவறையின் சூடு 11 முதல் 13 டிகிரி. பீப்பாயைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே போகும், மூன்று நாளைக்குள் தீர்த்தாக வேண்டும். ஃபர்கின் என்னும் வழக்கமான பீப்பாய் 9 கேலன், அதாவது 72 பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்). மூன்று நாளில் 72 பைன்ட் விற்காத பப்பில் நாலாம் நாள் போய் நின்றால் புளித்த தண்ணீர்தான் கிடைக்கும். அதனால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஊர்க்காரர்கள் வந்து போகிற இடமா? பன்னிரண்டு பம்பு வரிசையாக நிற்க, ஆள் இல்லாத பப் என்றால் நான் உள்ளே போவதில்லை. நாலே பம்பு, ஆனால் இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் அங்கேதான் உட்காருவேன்.

மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பல் கூசும் குளிர்ச்சி இருக்காது. ஆங்கிலேயன் சூடான பியர் குடிக்கிறான் என்பார்கள், அதுவும் சரியில்லை. மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குளிர்ச்சியில்தான் மால்ட் (முளைகட்டிய பார்லி) வாசனை தெரியும்.

இனி இடங்கள். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

ஃபாஸ்கேட்டில் புளூ பெல். 1903-இல் உள்ளே எப்படி அமைத்தார்களோ அப்படியே இருக்கிறது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, நடுவில் நின்று குடிக்க ஒரு நடை, எல்லாம் பழுப்பு மரம். மொத்தமே நம் ஊர் ரயில் பெட்டியில் பாதி அளவுதான் இருக்கும். மூன்று பேர் தாராளமாகப் போகலாம், கும்பலாகப் போனால் இடம் கிடைக்காது. அங்கே மதிய உணவை எதிர்பார்க்காதீர்கள்.

நகரின் பழைய கோட்டை மதிலுக்கு வெளியே பிஷப்கேட் தெருவில் ஸ்வான். 1930-களின் உள்ளமைப்பு கலையாமல் இருக்கும் தெருமுனை பப். சுற்றுலாக்காரர்கள் அதிகம் வருவதில்லை. நான் யாரையாவது ஒரே ஒரு பப்புக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் இங்கேதான் கூட்டிப்போவேன்.

ரயில்வேக்காரரை அழைத்து வருகிறீர்கள், அதனால் ரயில் நிலையத்திலேயே இருக்கும் யார்க் டாப்பை விடாதீர்கள். 1907-இல் கட்டிய தேநீர் அறை அது. கூரையில் வண்ணக் கண்ணாடிக் குவிமாடம் உண்டு. பம்புகள் நிறைய, ஆனால் ரயில் பிடிக்கிற கூட்டம் ஓயாது என்பதால் பீப்பாய் தேங்குவதில்லை.

என்ன குடிப்பது? கறுத்த, இனிப்பான, கசப்புக் குறைந்த ஏலில் தொடங்கட்டும். யார்க்குக்குப் பக்கத்திலேயே காய்ச்சுகிற ரட்கேட் ரூபி மைல்ட் கிடைத்தால் அதிர்ஷ்டம். 2009-இல் பிரிட்டனின் சிறந்த பியர் என்று தேர்வானது. அடுத்து கீத்லியில் காய்ச்சும் திமோதி டெய்லர் லேண்ட்லார்ட். மாஷமில் காய்ச்சும் தீக்ஸ்டன் ஓல்ட் பெக்குலியர் 5.6 சதவீதம், அதை அரை பைன்ட்டாக வாங்குங்கள். எதையும் வாங்கும் முன் ருசி பார்க்கக் கேட்டால் சின்னக் கிளாஸில் ஒரு வாய் தருவார்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை.

பனங்கூடல் (ஹாரோ), புதன் காலை 7.55

வைகைக்கரை அண்ணை வடிவாக எழுதியிருக்கிறார். அந்த மூன்று நாள் கணக்கை வாசித்ததும் எனக்குப் பனங்கள் ஞாபகம் வந்தது. காலையில் இறக்கிய கள் மத்தியானம் ஒரு ருசி, பின்னேரம் வேறொரு ருசி. எங்கள் ஊரில் தவறணை (கள்ளுக்கடை) பக்கம் பெண்கள் எட்டியும் பார்க்கக் கூடாது. இங்கே நானும் இரண்டு மகள்மாரும் ஞாயிற்றுக்கிழமை பப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பொன்மலை தம்பி, மனைவி தயங்கினால் இதைச் சொல்லுங்கோ.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு யார்க் பிடிக்கவில்லை. லண்டனில் கிளாஸ் விளிம்பு வரைக்கும் பியர் தருவார்கள், நுரை மெல்லிய படலம்தான். யார்க்கில் இரண்டு விரல் உயரத்துக்குப் பால் ஆடை மாதிரி நுரை. நான் காசு கொடுத்தது பியருக்கு, நுரைக்கு இல்லை.

வைகைக்கரை (லீட்ஸ்), புதன் காலை 8.30

அக்கா, வடக்கே வந்தால் இந்தச் சண்டையிலிருந்து யாரும் தப்ப முடியாது. பம்பின் வாய் நுனியில் ஸ்பார்க்ளர் என்று ஒரு சின்ன மூடி மாட்டியிருப்பார்கள், பூவாளி போல நுண்ணிய துளைகள் உள்ளது. ஏல் அதன் வழியே பீய்ச்சி வரும்போது அதில் கரைந்திருக்கும் வாயு நுரையாக மேலே போய்விடும். அடியில் இருக்கும் ஏல் வழவழப்பாகும், கசப்பு மட்டுப்படும். யார்க்ஷயர் பிட்டர்களை (கசப்பு வகை ஏல்களை) இப்படிக் கொடுப்பதற்கென்றே காய்ச்சுகிறார்கள். லேண்ட்லார்டை அந்த நுரை இல்லாமல் குடிப்பதும், டபராவில் ஆற்றாமல் நுரையே இல்லாத ஃபில்டர் காபி குடிப்பதும் எனக்கு ஒன்றுதான்.

அளவு குறைவு என்று தோன்றினால் கிளாஸை நீட்டி "டாப் அப்" என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் நிரப்பித் தருவார்கள்.

பனங்கூடல் (ஹாரோ), புதன் காலை 9.05

காபி உதாரணம் நல்லது, ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹாப்ஸின் (ஏலுக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) வாசனையெல்லாம் அந்த நுரையோடு போய்விடுகிறது. வெளிர் நிற ஏல், பூ வாசனை உள்ளது என்றால் ஸ்பார்க்ளரைக் கழற்றிவிட்டுத் தரச் சொல்லுங்கோ. கேட்டால் கழற்றுவார்கள், நான் இரண்டு முறை கேட்டு வாங்கியிருக்கிறேன். மாமாவுக்கு இரண்டையும் கொடுத்துப் பாருங்கோ, அவர் சொல்லட்டும்.

துளசிமாடம் (மான்செஸ்டர்), புதன் மதியம் 1.20

சைவம் என்றதால் வந்தேன். மனைவியின் பக்கத்திலிருந்து சிலதைச் சொல்ல வேண்டும், யாரும் இதை எழுத மாட்டார்கள்.

போன வருடம் யார்க்ஷயரில் ஒரு பப்பில் சிப்ஸும் காளான் பையும் (மாவு மேலோட்டுக்குள் காளான் வைத்துச் சுட்டது) வாங்கினேன். பை மெனுவில் சைவம் என்று குறி போட்டிருந்தது. சிப்ஸ் அருமையாக இருந்தது, பாதித் தட்டு காலியான பிறகு பக்கத்து மேசை அம்மா "இங்கே பொரிப்பது மாட்டுக்கொழுப்பில், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அன்று இரவு நான் எதுவும் சாப்பிடவில்லை. இருபத்தெட்டு வருடம் கட்டிக்காத்தது. யாரையும் குறை சொல்லவில்லை; யார்க்ஷயரில் மீனும் சிப்ஸும் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம், அவர்களுக்கு அது பெருமை. நான்தான் கேட்டிருக்க வேண்டும். பப்களில் பெரும்பாலும் எண்ணெய்தான், ஆனாலும் கேட்காமல் தொடாதீர்கள். எண்ணெய் என்றாலும் அதே சட்டியில் மீன் பொரிக்கிறார்களா என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். யார்க்ஷயர் புட்டிங்கும் அப்படித்தான். மாவு, முட்டை, பால் மூன்றும் கலந்த கரைசல்தான், ஆனால் சுடும் தட்டில் பழைய முறைப்படி ஊற்றுவது கொழுப்பு. அதன் மேல் விடும் கிரேவி மாட்டிறைச்சிச் சாறு. மாட்டிறைச்சி வேண்டாம் என்கிற மாமாவுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. ஏலே சைவம் இல்லாமல் போகலாம். தெளிய வைக்க ஐசின்கிளாஸ் என்று ஒன்று போடுகிறார்கள். மீனிலிருந்து எடுப்பது.

பாம்பன் காற்று (ஹல்), புதன் மதியம் 2.10

அது நம் ஊர் நெட்டிதான்! மீன் வயிற்றில் இருக்கும் காற்றுப்பை. எங்கள் பக்கம் கூறல் மீன் வலையில் விழுந்தால் மீனைவிட நெட்டிக்குத்தான் விலை. கரைக்கு வந்ததும் வியாபாரி முதலில் தடவிப் பார்ப்பது அதைத்தான். காயவைத்துக் கட்டி வெளிநாட்டுக்குப் போகும். அது எங்கே போகிறது என்று சின்ன வயதில் கேட்டால் "வெள்ளைக்காரன் சாராயம் தெளியவைக்க" என்று அப்பா சொல்வார். ஹல்லுக்கு வந்து ஒரு மதுக்காய்ச்சும் ஆலையைச் சுற்றிப் பார்த்தபோதுதான் அப்பா சொன்னது உண்மை என்று தெரிந்தது. நெட்டியைக் கரைத்துப் பீப்பாயில் விடுவார்கள், ஈஸ்ட்டை எல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். மேலே கண்ணாடி மாதிரி ஏல். கிளாஸுக்குள் அது கிட்டத்தட்ட வராது, ஆனாலும் சைவக்காரர்கள் மனசு ஒப்பாது என்பது சரிதான்.

இப்போது தெளியவைக்காத ஏல் நிறைய வருகிறது, கொஞ்சம் கலங்கலாக இருக்கும். பம்பின் முகப்பு அட்டையில் வீகன் என்று போட்டிருப்பார்கள்.

பொன்மலை மருமகன் (ரெடிங்), புதன் இரவு 8.45

நெட்டிக் கதையை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். மிகவும் ரசித்தார்.

துளசிமாடம் அக்கா, உங்களுக்கு நடந்ததைப் படித்து மனைவி வருத்தப்பட்டாள். இதை எழுதியதற்கு நன்றி. அப்படியானால் அவள் என்னதான் சாப்பிடுவது? அப்புறம், பப்பில் நடந்துகொள்ளும் முறையும் சொல்லுங்கள். நான் இங்கே வந்து மூன்று வருடமாகிறது, அலுவலக நண்பர்களோடு போனால் அவர்களே வாங்கிவிடுவார்கள். நானாகப் போய் நின்றதில்லை.

துளசிமாடம் (மான்செஸ்டர்), புதன் இரவு 9.30

ப்ளவ்மன்ஸ் கேளுங்கள். ரொட்டி, தடிமனான சீஸ் துண்டு, வெங்காய ஊறுகாய், ஆப்பிள், கொஞ்சம் இலை. அடுப்பே ஏறாத தட்டு, எண்ணெய்ப் பயமும் இல்லை. யார்க்ஷயரில் வென்ஸ்லிடேல் சீஸ் நன்றாக இருக்கும், ஆனால் சீஸை உறைய வைக்க விலங்கு ரென்னட் (கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுப்பது) போட்டதா என்று கேட்கச் சொல்லுங்கள். ஞாயிறு மதியம் நட் ரோஸ்ட் இருக்கும். கொட்டைகளும் காய்களும் சேர்த்துச் சுட்டது, அதற்குத் தனி சைவ கிரேவி உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். சனிக்கிழமையே போன் செய்து கேட்டுவிட்டால் அன்று அலைச்சல் இல்லை.

குடிக்காதவர்கள் லைம் அண்ட் சோடா கேட்பது இங்கே சாதாரணம். ஒன்றுமே வாங்காமல் உட்காருவதுதான் சங்கடம். நான் பாதி நாள் தேநீர்தான் குடிப்பேன்.

வைகைக்கரை (லீட்ஸ்), புதன் இரவு 11.15

முறைகளைச் சொல்கிறேன். மேசையில் உட்கார்ந்து சர்வர் வருவார் என்று காத்திருக்க வேண்டாம், யாரும் வர மாட்டார்கள். நேரே பாருக்குப் போய் நிற்க வேண்டும். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. உங்களுக்கு முன்னால் யார் யார் வந்தார்கள் என்பதை நீங்களும் மனதில் வைத்திருக்க வேண்டும், பார் ஊழியரும் வைத்திருப்பார். கையை ஆட்டுவது, சொடுக்குவது, நோட்டை நீட்டிக் காட்டுவது எதுவும் கூடாது. ஊழியர் பார்வை படும் இடத்தில் நின்றால் போதும். உங்களுக்கு முந்தி வந்தவரை விட்டு உங்களைக் கேட்டால், "இவர்தான் முதலில்" என்று கைகாட்டுங்கள். அந்த ஒரு செயலுக்கே அந்த பப்பில் உங்களுக்கு மதிப்பு வந்துவிடும்.

சாப்பாட்டுக்கு மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு போய் பாரிலேயே சொல்லி, பெரும்பாலும் அங்கேயே காசு கொடுக்க வேண்டும். டிப்ஸ் தேவையில்லை. சமையலறை மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடி மாலையில்தான் திறக்கும் இடங்கள் உண்டு, பசியோடு மூன்று மணிக்குப் போய் ஏமாறாதீர்கள்.

அப்புறம் ரவுண்டு. கூட இருப்பவர் உங்களுக்கும் சேர்த்து ஒரு முறை வாங்கினால், அடுத்த முறை நீங்கள் வாங்க வேண்டும். இதில் விருந்தாளி, பெரியவர், சின்னவர் என்ற கணக்கு கிடையாது. காசு எவ்வளவு என்பதைவிட நம் முறை வரும்போது நாம் எழுந்தோமா என்பதுதான் பெரிது. மாமாவிடம் இதைச் சொல்லிவையுங்கள், ஏனென்றால் அவரோடு யாராவது பேசுவார்கள்.

டாட்காஸ்டரில் 1758-இலிருந்து காய்ச்சும் சாமுவேல் ஸ்மித் கம்பெனியின் பப்கள் யார்க்கில் சில இருக்கின்றன. பாட்டு கிடையாது, டிவி கிடையாது, போன் எடுத்தால் வெளியே போய்ப் பேசச் சொல்வார்கள். கற்பலகையால் ஆன சதுரத் தொட்டிகளில் இன்னமும் நொதிக்க வைக்கிறார்கள். ஊஸ் ஆற்றங்கரையில் இருக்கும் கிங்ஸ் ஆர்ம்ஸ் அவர்களுடையது. வெள்ளம் வந்தால் முதலில் தண்ணீர் ஏறுவது அங்கேதான், எந்த வருடம் எதுவரை ஏறியது என்று அளவுக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள். 2000 நவம்பரில் ஆறு வழக்கத்தைவிட 5.4 மீட்டர் உயர்ந்தது. நீங்கள் போகிற வாரம் மழை பலமாக இருந்தால் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மைக்கில்கேட் மாணவி (யார்க்), வியாழன் காலை 10.05

அண்ணா, நான் இங்கே யார்க்கில் படிக்கிறேன். குடிக்க மாட்டேன், ஆனால் ஒரு பப்பில் வாரம் மூன்று நாள் வேலை பார்க்கிறேன். உள்ளே நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் மதிலுக்கு உள்ளே போகாதீர்கள். கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டக் கும்பல்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கும். குதிரைப் பந்தயம் இருக்கும் நாள் என்றால் இன்னும் மோசம், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பப் திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் பெரியவர்களுக்கு ஏற்ற நேரம்.

ஒரு பெயர் விட்டுப்போச்சு. பிஷப்ஹில்லில் கோல்டன் பால். 2012-இலிருந்து அந்தப் பகுதி மக்களே பங்கு போட்டுக் கூட்டுறவாக நடத்துகிறார்கள். உள்ளே 1929-இல் அமைத்தது அப்படியே இருக்கிறது. அந்தத் தெருக்காரர்களே சேர்ந்து பப்பைக் காப்பாற்றினார்கள், அதற்காகவே ஒரு தடவை போகலாம்.

ஏல் வினிகர் வாடை அடித்தால் குடிக்காதீர்கள். பாதி குடித்துவிட்டுக் கொண்டு வந்தால் எங்களுக்கும் சங்கடம். முதல் வாயிலேயே கொண்டு வந்து "இது சரியில்லை போல இருக்கிறது" என்று சொன்னால் உடனே மாற்றித் தருவோம். அப்படிச் சொல்கிறவர்களால்தான் பீப்பாய் கெட்டுப்போனது எங்களுக்குத் தெரியவரும். நம் ஆட்கள் யாரும் சொல்வதே இல்லை, அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கும்.

பனங்கூடல் (ஹாரோ), வியாழன் பகல் 12.40

எல்லோரும் சேர்ந்து ஸ்டார் இன்னை ஒதுக்கிவிட்டீர்கள், அது நியாயம் இல்லை. முதல் தடவை வருகிற மனுசருக்கு அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நடந்து, ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய சந்து வழியாக உள்ளே போய், முற்றத்தில் உட்கார்ந்தால் கிடைக்கிற சந்தோசம் வேறு. பியர் நடுத்தரமாக இருந்தாலும் பரவாயில்லை. ஊர் பார்க்கத்தானே வருகிறார்.

வைகைக்கரை (லீட்ஸ்), வியாழன் மதியம் 1.15

சரி அக்கா, நீங்கள் சொல்வது நியாயம். நான் பதினான்கு வருடம் பார்த்த கண்ணோடு எழுதிவிட்டேன். சனி காலை திறந்தவுடன் ஸ்டார் இன்னில் ஒரு அரை பைன்ட், அதன் பிறகு அருங்காட்சியகம். ஆனால் ஞாயிறு ஸ்வானை விட்டுவிடாதீர்கள் என்பதில் நான் மாற மாட்டேன்.

பொன்மலை மருமகன் (ரெடிங்), பதினெட்டு நாள் கழித்து, திங்கள் இரவு 10.20

போய் வந்தோம். எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

சனி காலை ஸ்டார் இன். முற்றத்தில் எங்களைத் தவிர இரண்டே பேர். பனங்கூடல் அக்கா சொன்ன சந்தோசம் மனைவிக்குக் கிடைத்தது, அந்தச் சந்தில் பத்துப் படம் எடுத்தாள். பிறகு அருங்காட்சியகம். மல்லார்ட் முன்னால் மாமா பேசவே இல்லை. 1938 ஜூலை 3, மணிக்கு 126 மைல் என்று பலகையில் இருப்பதை இரண்டு முறை வாசித்தார். பிறகு சக்கரத்துக்கு எதிரே குனிந்து இணைப்புத் தண்டைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றார். மாலை யார்க் டாப். ஸ்பார்க்ளர் போட்டும் போடாமலும் ஒரே ஏலை அரை அரை பைன்ட் வாங்கிக் கொடுத்தோம். நுரை உள்ளதுதான் நன்றாக இருக்கிறது என்றார். அக்கா மன்னிக்க வேண்டும்.

சாப்பாடு ஞாயிறு மதியம். துளசிமாடம் அக்கா சொன்னபடி சனிக்கிழமையே மூன்று பப்புக்குப் போன் செய்தோம். ஒரு இடத்தில் "எங்களிடம் ஒரே பொரிசட்டிதான், உங்களுக்குச் சரிவராது" என்று அவர்களே நேர்மையாகச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் காய்கறிக்குத் தனிச் சட்டி, சைவ கிரேவியும் உண்டு என்றார்கள். அங்கேயே போனோம். மனைவிக்கு நட் ரோஸ்ட், சுட்ட உருளை, காரட், முட்டைக்கோஸ். மாமாவுக்குச் சுட்ட கோழி. அவர் கேட்டுக்கொண்டதால் யார்க்ஷயர் புட்டிங்கை எண்ணெயில் சுட்டுத் தந்தார்கள். கிண்ணம் போலப் பொங்கி, ஓரம் மொறுமொறு, அடி மெத்தென்று இருந்தது. "ஆப்பத்துக்கு அண்ணன்" என்றார் மாமா. உப்பும் மிளகும் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்பது எங்கள் மூவரின் கருத்து, ஆனால் கிரேவியில் முக்கியதும் அந்தக் குறை தெரியவில்லை.

அப்புறம் ஸ்வான். மூன்று மணி இருக்கும். உள்ளே எல்லா மேசையும் ஆள். நாங்கள் நடையில் நிற்பதைப் பார்த்து, எழுபது வயது இருக்கும் ஒருவர் தன் தொப்பியையும் செய்தித்தாளையும் எடுத்துவிட்டுப் பக்கத்தில் இடம் காட்டினார். ரூபி மைல்ட் இருந்தது! மாமாவுக்கு ஒரு அரை பைன்ட். எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர் கேட்க, ரயில்வே பணிமனை என்று நான் சொல்ல, அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். யார்க்கின் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இருந்தவராம். 1996-இல் அது மூடப்படும் வரை அங்கேயே வேலை.

மாமாவுக்கு இங்கிலீஷ் சரளமாக வராது. ஆனால் பாய்லர், ரிவெட், போகி, ஆக்சில், கேஜ் எல்லாம் இருவருக்கும் ஒரே சொல். பொன்மலையில் மீட்டர் கேஜ் என்று மாமா இரண்டு கையையும் விரித்து அகலம் காட்டினார். அவர் தன் கைகளை இன்னும் விரித்து இங்கிலாந்து அகலத்தைக் காட்டினார். நீலகிரி மலை ரயிலின் என்ஜின்கள் பொன்மலைக்குத்தான் பழுது பார்க்க வரும் என்று மாமா சொன்னதும், பியர் கிளாஸுக்கு அடியில் இருந்த அட்டையைத் திருப்பிப் போட்டுப் பேனாவைக் கொடுத்தார் அந்தப் பெரியவர். மாமா அதில் மூன்று தண்டவாளம் போட்டு, நடுவில் இருப்பதில் பல் வரைந்து காட்டினார். ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. நானும் மனைவியும் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

நடுவில் அந்தப் பெரியவர் எழுந்துபோய் மாமாவுக்கும் சேர்த்து வாங்கி வந்தார். அடுத்து நான் எழப்போனேன். மாமா என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, தானே பாருக்குப் போனார். கையை ஆட்டாமல், நோட்டை நீட்டாமல் நின்றார். பார் பெண் முதலில் அவரைக் கேட்க, பக்கத்தில் நின்ற பையனைக் கைகாட்டினார். அவன் முறை முடிந்த பிறகு இரண்டு கிளாஸோடு திரும்பி வந்தார், ஒரு சொட்டும் சிந்தவில்லை.

வைகைக்கரை (லீட்ஸ்), திங்கள் இரவு 10.50

மிகவும் மகிழ்ச்சி நண்பரே. மாமாவுக்கு என் வணக்கம். அந்த அட்டை எங்கே?

துளசிமாடம் (மான்செஸ்டர்), செவ்வாய் காலை 7.30

தனிச் சட்டி வைத்திருக்கும் அந்த பப்பின் பெயரைத் தனிமடலில் அனுப்புங்கள் தம்பி. டிசம்பரில் நாங்களும் போகிறோம்.

பொன்மலை மருமகன் (ரெடிங்), செவ்வாய் இரவு 9.00

அனுப்பிவிட்டேன் அக்கா. சமையல்காரர் மாறினால் முறையும் மாறும், போகும் முன் நீங்களும் ஒரு முறை போன் செய்யுங்கள். அட்டையை அந்தப் பெரியவர் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாமா இந்த இழையை முழுக்க வாசித்துவிட்டு ஒரு திருத்தம் சொல்லச் சொல்கிறார். நடுவில் இருப்பது தண்டவாளம் இல்லையாம், பல்சட்டம். அதுவும் ஒன்றில்லை, இரண்டு. பல்லுக்குப் பல் நேராக இல்லாமல், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி பக்கம் பக்கமாகப் போட்டிருக்கும். அட்டையில் சரியாகத்தான் வரைந்தாராம், நான்தான் தப்பாக எழுதிவிட்டேன்.